ஜப்பானியர் சோறும் காஞ்சிக் குடலையும்

சென்ற மாதத்தில் ஒரு நாள், தாம்பரத்தை அடுத்த சங்கமொன்றில் கணக்குப் பரிசோதனை முடிந்து நாம் புறப்படும் வேளையில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைச் சேவித்து வந்த அங்கத்தினர் ஒருவர் குடலை இட்லிப் பிரசாதத்தை இலையில் பொதிந்து கொண்டு வந்தார். மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் நெய்யும் சேர்ந்த அந்த மணம், காலை முதல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நமக்குப் பெரும் ஆறுதலாயிருந்தது.

அங்கிருந்த இளைஞர் ஒருவர், "ஜப்பான் தேசத்தார் தங்கள் சாப்பாட்டுக்கு உலக அங்கீகாரமே வாங்கிவிட்டார்கள். நம் குடலை இட்லிக்கும் ஏன் வாங்கக் கூடாது?" என்று கேட்டார். நெசவாளரான பெரியவர் ஒருவர் சிரித்தார். "பட்டுக்கு வாங்கினோமே, தம்பி! விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டென்று சொல்லி விற்பது நின்றுவிட்டதா?" என்றார்.

காஞ்சிபுரம் பட்டு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது உண்மை. பெரியவரின் கேள்வியிலும் உண்மை உண்டு. அன்று நாம் விடை கூறவில்லை. ஜப்பானியர் செய்தது யாது என்று பின்னர் படித்து அறிந்தோம்.

2013 டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம், 'வாஷோகு' எனப்படும் ஜப்பானிய உணவு மரபை மானிட சமுதாயத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. பதிவானது எந்த ஒரு பலகாரமும் அன்று. சோறு, ஒரு ரசம், மூன்று பதார்த்தங்கள் என்னும் அமைப்பு, பருவத்துக்கேற்ற காயும் மீனும், புத்தாண்டில் குடும்பத்தார் கூடி அரிசி மாவுருண்டை இடித்து உண்ணும் வழக்கம் ஆகிய வாழ்க்கை முறையே பதிவாயிற்று. இதற்கு முன்னின்று உழைத்த இலாகா எது தெரியுமா? விவசாய இலாகா!

காரணம் இருந்தது. 1962-இல் ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 118 கிலோ அரிசி உண்டார். பதிவு நடந்த சமயம் அது பாதியளவாகக் குறைந்துவிட்டது. போருக்குப் பின் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவாக ரொட்டியும் பால்பொடியுமே தரப்பட்டன. பள்ளிச் சாப்பாட்டில் சோறு முறையாக இடம் பெற்றது 1976-இல்தான். நெல் விளையும் நாட்டில் பிள்ளைகளின் நாவு ரொட்டிக்குப் பழகிற்று. அரிசி தேங்கவே, சாகுபடிப் பரப்பைக் குறைக்கும்படி சர்க்காரே 1970 முதல் உழவருக்குப் பணம் கொடுத்தது. வயலைத் தரிசாக விடுவதற்குக் கூலி! ஆகவே உணவு மரபைக் காப்பது என்ற பேச்சு அவர்களுக்கு வயலைக் காக்கும் பேச்சாகவும் இருந்தது.

முத்திரை கிடைத்த பின் நிலைமை மாறியதா? 2020-இல் ஒருவர் உண்ட அரிசி ஏறக்குறைய 51 கிலோவே. அங்கீகாரம் வீண் என்று நாம் கூறவில்லை. வெளிநாடுகளில் அவர்கள் உணவுக்கு மதிப்புக் கூடியிருக்கலாம். ஆனால் வீட்டு அடுப்பில் உலை ஏறுவது வேறு சங்கதி.

இனி நம் குடலைக்கு வருவோம். மூங்கிற் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது முறை. இதில் எத்தனை பேர் பிழைப்பு இருக்கிறதென்று பாருங்கள். குடலை முடைபவர், இலை பறித்துத் தைப்பவர், நெல்லும் உளுந்தும் விளைவிப்பவர். எவர்சில்வர் டம்ளரில் மாவை ஊற்றி வேகவைத்து, 'காஞ்சிபுரம் இட்லி' என்று பலகை எழுதிவிட்டால், பெயர் நிற்கும். இலைக்காரரும் குடலைக்காரரும் போய்விடுவர். தறி போன பின்னும் சேலையின் பெயர் கடையில் நிற்பதைப் போன்றதே இதுவும். நெசவாளப் பெரியவர் சிரித்ததன் பொருள் நமக்கு விளங்கிற்று.

அரிசியின் கதை இன்னும் வருத்தந்தருவது. 'செங்கல்பட்டுச் சிறுமணி' என்று நம் ஜில்லாவின் பெயரையே தாங்கிய நாட்டு நெல் ரகம் ஒன்றுண்டு. தாம்பரத்திலோ சேலையூரிலோ முடிச்சூரிலோ அதன் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏரி பாய்ந்த நன்செய்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. அம்மனைகளில் எழுந்த அடுக்கு மாடிகளிலோ தினந்தோறும் பொட்டல மாவு விலை போகிறது. அந்த அரிசி எங்கிருந்து வருகிறதென்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதுமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். அவ்வூர்ப் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது 2019-இல். ஆனால் அங்கே பால் கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர் பாலைக் கொண்டு பால்கோவா கிண்டி விற்கும் வழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. மாடு வளர்ப்பவருக்கும் இனிப்புக் கடைக்கும் நடுவே பாலம் இருந்தது. முத்திரை அதன்மேல் வந்து அமர்ந்தது. நம் பக்கத்தில் அப்பாலம் கட்டப்படவில்லை. 1904-லேயே திரூரில் விவசாயக் கடன் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் கண்ட பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு இது புகழன்று.

மறுமுறை சென்றபோது நிர்வாகக் குழுவினரிடம் இதைச் சொன்னோம். சமையற்கட்டில் பரிசோதகருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணியிருக்கலாம்! எனினும் பேச்சு வளர்ந்தது. படப்பைப் பக்கத்தில் நிலமுள்ள இரு அங்கத்தினர் ஆளுக்கு அரை ஏக்கர் சிறுமணி பயிரிடச் சம்மதித்தனர். சங்கம் அந்நெல்லை வாங்கி, மாவாக அரைத்து, இன்ன வயலின் அரிசி என்று எழுதி விற்கலாம் என்றார் இளைஞர். குடலைகளுக்கும் இலைக்கும் முன்பணம் கொடுக்கலாம் என்றார் நெசவாளர்.

சிக்கல் ஒன்றிலேதான். நாட்டு ரகத்தில் மூட்டை குறையும். அந்தக் குறைவை உழவர் தலையில் கட்டினால் அடுத்த போகத்தில் அவர் பழைய ரகத்தைத் தொடமாட்டார். சங்க லாபத்திலிருந்து ஓராண்டுக்கு ஈடு செய்யலாம் என்பது நம் கருத்து. பொருளாளர் ஒப்பவில்லை, நெசவாளர் சேர்த்த லாபத்தை நெல்லுக்குத் தருவதா என்கிறார். அவர் கேட்பதும் கேட்கத் தக்கதே. வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இது மூன்றாவது விஷயமாக வைக்கப்பட்டிருக்கிறது.