தொட்டில் வாங்க வந்தவர் திரும்பி வருவாரா?

குழந்தைப் பொருள் வியாபாரம் என்றைக்கும் படுக்காது என்றொரு நம்பிக்கை எமது வியாபாரிகள் மத்தியில் இருக்கின்றது. பிள்ளை பிறக்கத்தானே செய்யும், பெற்றோர் வாங்கத்தானே வேண்டும் என்பது அந்த நம்பிக்கையின் அடிப்படை. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2019 இல் இலங்கையில் பதிவான பிறப்புகள் 3 இலட்சத்துக்கும் அதிகம். 2023 இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மறுபுறம் 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாகியது. குழந்தைப் பொருட்களில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் இவை யாவும் விலைச்சீட்டில்தான் வந்து நிற்கின்றன.

ஆக, வாடிக்கையாளர் தொகை குறைகின்றது. வருபவரின் பணப்பையும் மெலிந்திருக்கின்றது. இந்நிலையில் வருகின்ற ஒருவரைத் தக்கவைத்துக் கொள்வது எப்படி என்பதே கேள்வி.

அண்மையில் எமது மூன்றாவது பிள்ளைக்கான பொருட்களை வாங்க நானும் மனைவியும் ஒரு வார இறுதியை ஒதுக்கினோம். கையில் 40,000 ரூபா. சனிக்கிழமை புறக்கோட்டை, ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடை. வாங்குபவனின் பக்கத்தில் நின்று கவனித்த சில விடயங்களை வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கு விளக்குகிறேன்.

பட்டியல் எப்படி உருவாகின்றது?

பெற்றோர் கடைக்கு வருமுன் வீட்டில் ஒரு பட்டியல் போடுகின்றனர். அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, பிரசவத்துக்கு முன் கட்டாயம் வேண்டியவை: சட்டை, நெப்கின் துணி, டயபர், துவாய், நுளம்பு வலை. இரண்டாவது, ஆறு மாதம் சென்றபின் வாங்கக் கூடியவை: உணவூட்டும் கதிரை, தள்ளுவண்டி போன்றவை. மூன்றாவது, குடும்பத்துக்குள் இரவல் கிடைப்பவை.

வியாபாரிகள் கவனிக்கத் தவறுவது இந்த மூன்றாவது வகையைத்தான். தொட்டிலுக்கு உங்கள் போட்டியாளர் பக்கத்துக் கடைக்காரர் அல்லர். வாடிக்கையாளரின் சகோதரி வீட்டில் மடித்து வைத்திருக்கும் பழைய தொட்டில்தான். எமக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் அதற்கு அளவான மெத்தை இல்லை, இரண்டு ஆணிகளும் இல்லை. புறக்கோட்டையில் நாம் ஏறி இறங்கிய நான்கு கடைகளில் மூன்றில், தொட்டிலோடு சேர்த்தன்றி மெத்தையைத் தனியாகத் தரமாட்டோம் என்றனர். நான்காவது கடைக்காரர் அளவைக் கேட்டு மெத்தையை வெட்டித் தந்தார். எமது பட்டியலின் பாதி அவரிடமே வாங்கப்பட்டது.

பக்கற்றின் விலையல்ல, ஒன்றின் விலை

'பெம்பஸ்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் டயபரில் இன்றைய தாய்மார் பக்கற் விலையைப் பார்ப்பதில்லை, ஒன்றின் விலையைப் பார்க்கின்றனர். உதாரணமாக, 24 கொண்ட பக்கற் 1,800 ரூபா என்றால் ஒன்று 75 ரூபா. 60 கொண்டது 3,900 ரூபா என்றால் ஒன்று 65 ரூபா. பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து வரை தேவைப்படும். ஒன்பது என வைத்தால் மாதத்துக்கு 2,700 ரூபா வித்தியாசம். விலைச்சீட்டில் ஒன்றின் விலையையும் எழுதி வைத்தால் பெரிய பக்கற் தானாக விலைபோகும்.

ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'நியூபோர்ன்' அளவு பொதுவாக 5 கிலோ வரைக்குமே பொருந்தும். 3 கிலோவில் பிறக்கும் பிள்ளை இரண்டு, இரண்டரை மாதத்தில் அந்த நிறையை எட்டிவிடும். எனவே அந்த அளவில் நான்கு பெரிய பக்கற்றைத் தலையில் கட்டும் வியாபாரி அன்றைய விற்பனையைப் பெறுகின்றார், அடுத்த இரண்டு வருட விற்பனையை இழக்கின்றார். பிள்ளை வளர்ந்தபின் நாளுக்கு ஐந்து என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 65 ரூபா வீதம் மாதத்துக்கு 9,750 ரூபா. இரண்டு வருடத்துக்கு 2 இலட்சத்து 34,000 ரூபா. வீட்டில் துணியும் வெளியே டயபரும் பாவிக்கும் குடும்பம் என்றாலும் அதில் பாதி வரும். தொட்டில் ஒருமுறை விற்கும். டயபர் மாதாமாதம் விற்கும். 'ஒரு பக்கற் போதும், பிரிக்காதது மிஞ்சினால் மாற்றித் தருகிறேன்' என்ற ஒரு வார்த்தையின் பெறுமதி இதுதான்.

விற்கும் பொருளை அறிந்திருத்தல்

தொட்டில் விற்பவர் அதன் பாதுகாப்பையும் அறிந்திருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 6 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. ஒரு மென்பான டின் அதனூடாக நுழையக் கூடாது என்பது இலகுவான பரிசோதனை. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரு விரலுக்கு மேல் இடம் இருக்கலாகாது. மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும். முதல் வருடத்தில் தொட்டிலுக்குள் தலையணை வேண்டாம் என்பதே வைத்தியர்களின் ஆலோசனை. பக்கம் கீழே இறங்கும் தொட்டில்களை அமெரிக்கா 2011 இல் தடை செய்தது. குழந்தை நடை பழகும் சக்கர 'வோக்கர்' விற்பனையைக் கனடா 2004 இல் தடை செய்தது. படிகளில் உருண்டு விழும் விபத்துக்களே காரணம். அங்கு தடையான பொருள் இங்கு மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காக வாங்கி அடுக்குவது எமது வாடிக்கையாளரின் பிள்ளையோடு விளையாடுவதாகும்.

பாற்போத்தல், சூப்பி, குழந்தைப் பால்மா ஆகியவற்றில் இன்னுமொரு கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் 1981 ஆம் ஆண்டு ஒழுக்கக் கோவை, தாய்ப்பாலைப் பாதுகாக்கும் நோக்கில், சில்லறைக் கடையில் இவற்றுக்கு விசேட காட்சிப்படுத்தல், விலைக்கழிவு, இலவச இணைப்பு என்பன கூடாது என்கின்றது. இதைத் தழுவிய கோவை இலங்கையிலும் உண்டு. 'பேபி செட்' பெட்டிக்குள் போத்தலை இனாமாக வைப்பவர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

ஊர்க் கடையின் பலம்

விலையில் புறக்கோட்டையோடு ஊர்க் கடை போட்டியிட முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடையில் நாம் செலவிட்டது சனிக்கிழமைச் செலவை விட அதிகம். காரணம் எளிது. அங்கே சட்டையை விரித்துக் காட்டினார்கள். குடை நுளம்பு வலையைத் திறந்து, மடிக்கப் பழக்கினார்கள். அளவு போதாவிட்டால் மாற்றலாம் என்று பில்லின் பின்புறம் எழுதியும் தந்தார்கள். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடமை. கேட்காமலே கொடுப்பது வியாபாரத் தந்திரம்.

எனவே சிறு வியாபாரிகள் செய்யக் கூடியவை இவை:

1. தொட்டில், தள்ளுவண்டி போன்ற பெரிய பொருட்களில் முதலை முடக்காது, மாதிரிக்கு ஒவ்வொன்றை வைத்து, கேட்பவருக்குத் தருவித்துக் கொடுத்தல்.

2. மெத்தை, வலை, ஆணி, உறை என்பவற்றைத் தனித்தனியாக விற்றல்.

3. பிரசவ வாட்டுக்குத் தேவையானவற்றை அச்சிட்ட ஒரு சிறு பட்டியலை இலவசமாகக் கொடுத்தல். அது அந்த வீட்டில் பல மாதம் இருக்கும்.

4. நாற்பதாம் நாளுக்குப் பரிசு வாங்க வரும் உறவினருக்கு, புதிதாய்ப் பிறந்த குழந்தையின் அளவைத் தவிர்த்து, ஆறு மாத அளவு உடுப்பை எடுத்துக் காட்டுதல்.

பிறப்புகள் குறைவதை எந்த வியாபாரியாலும் தடுக்க முடியாது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையோடும் இரண்டு வருட வாடிக்கை ஒன்றும் பிறக்கின்றது. அதனை முதல் நாள் இலாபத்துக்காக விற்றுவிடாதிருப்பதே புத்திசாலித்தனமான வியாபாரமாகும்.