கண்ணாடித் தொட்டியிற் பொருத்தம்

வீட்டு முன்கூடத்திலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே சிறிது மணல், இரண்டொரு நீர்ச்செடி, நான்கைந்து வண்ண மீன்கள். இக்காட்சி இன்று நம் நாட்டிலே அருமையானதன்று. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். வண்ணத்துக்கு ஒன்று, வடிவுக்கு ஒன்று என்று கடையிலே தெரிந்தெடுத்து, நீர் நிறைந்த பைகளில் ஏந்தி வருகிறார்கள். ஒரு வாரம் கழிகிறது. ஒரு மீன் வால் கிழிந்து மூலையில் ஒதுங்குகிறது. ஒன்று காணாமற் போகிறது. மற்றொன்று காலையிலே நீரின்மேல் மிதக்கிறது. பதினைந்து நாளில் அத்தொட்டியிலே ஒரு மீன் மாத்திரம் தனியரசு செலுத்துகிறது.

இந்நிலையிலே என் மாணாக்கர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, அந்த ஐந்திலே பொல்லாத மீன் எது?” என்று வினாவினார். தமிழ் படிப்பிக்கும் எனக்கு மீன் வளர்ப்பிலும் ஒரு பற்று உண்டென்பதை அவர் அறிவார். அவ்வினாவுக்கு விடை கூறுமுன் மற்றொரு வினாவை எழுப்புதல் வேண்டும். அந்த ஐந்தையும் ஓரிடத்திற் கூட்டியவர் யார்?

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீன் தன் கூட்டத்தைத் தானே நாடிக்கொள்கிறது. பகை கண்டவிடத்து விலகிப் போகிறது. தொட்டியில் இவ்விரண்டும் இல்லை. அங்கே உறவைத் தெரிபவரும் நாமே. விலகும் வழியை அடைத்தவரும் நாமே. திருவள்ளுவர் நட்பு என்ற அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆராய்ந்து நட்டல் மக்களுக்கே இத்துணை இன்றியமையாததாயின், நாற்புறமும் கண்ணாடி சூழ்ந்த இடத்தில் வாழவேண்டிய உயிர்களுக்கு எத்துணை இன்றியமையாதது!

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே தலைவன் தலைவியர்க்குப் பத்துப் பொருத்தங்களை வகுத்தார். நம் ஊர்களிலே கலியாணம் பேசுவோரும் சாதகங்களை விரித்துப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றனர். மீனுக்கு ஐந்து போதும். அவை நீர், உருவு, தொகை, நிலை, குணம் என்பன. கடைக்குச் செல்வோர் குணத்தையே முதலிற் கேட்பர். நான் அதனை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு; அது போகப்போகப் புலப்படும்.

முதலாவது நீர்ப் பொருத்தம். நீரெல்லாம் ஒன்றே என்பது கண்ணாற் பார்ப்பவர் கணக்கு. மீனின் கணக்கு வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலே சுண்ணக்கல் கிடக்கிறது. மழைநீர் அக்கல்லினூடே இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. நம் கேத்தில்களின் உட்புறத்தே வெள்ளையாய்ப் படிவது அதுவே. இதனை வன்னீர் என்பர். தென்மேற்குப் பகுதியின் காட்டோடைகளிலே ஓடுவது மென்னீர். உக்கிய இலைகளின் சாரமேறிச் சிறிது அமிலத்தன்மையும் உடையது. கப்பி, மொலி, பிளற்றி என்பன வன்னீரில் நன்றாய் வாழும் இனங்கள். நீலமும் சிவப்பும் ஒளிரும் நியோன் ரெற்றாவோ, தென்னமெரிக்காவில் அமேசன் நதியின் மேற்பகுதிக் காடுகளில் மென்னீரிலே தோன்றியது. இவ்விரு வகையையும் ஒரு தொட்டியில் இடுபவர் யாருக்கு ஏற்ற நீரை ஊற்றுவார்? பண்ணையிற் பிறந்த மீன்கள் வேற்று நீருக்கு ஓரளவு பழகிக்கொள்வதுண்டு. ஆயினும், பழகிக்கொள்வது வேறு, செழித்து வாழ்வது வேறு.

நீரின் வெம்மையும் இப்பொருத்தத்தின்பாற் படும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. அங்கே தங்கமீன் மகிழ்ந்திருக்கும். கப்பி வெப்பமூட்டியின்றி வாடும். கோடைகாலத்து யாழ்ப்பாணத்திலே 30 பாகையை எட்டும் தொட்டிநீரில் நிலைமை தலைகீழாகும். ஆகவே, “எந்த மீன் நல்லது?” என்ற வினாவுக்கு, “எந்த ஊருக்கு?” என்பதே முதல் விடை.

இரண்டாவது உருவுப் பொருத்தம். தொல்காப்பியரும் தம் பத்தினுள் உருவு என ஒன்றைக் கூறினார். நாம் கொள்வது வேறு கருத்து. மீனுலகிலே வாயுட் கொள்ளும் அளவினதாகிய உயிர் யாதும் உணவேயாம். ஏஞ்சல் மீனையும் நியோன் ரெற்றாவையும் இளம் பருவத்தில் ஒருங்கு விட்டால் சில மாதம் இணங்கி இருக்கும். ஏஞ்சல் வளர்ந்து வாய் அகன்றபின், ஓரிரவிலே நியோன் ஒன்று குறையும். மறுநாள் இன்னொன்று குறையும். இதனை நம்பிக்கைத் துரோகம் என்று கூறுதல் தகாது. அவ்விரண்டும் ஒரே நதித் தொகுதியிற் பிறந்தவை. சிறுமீனைத் தின்னுதல் அங்கே ஏஞ்சலின் வழக்கம்.

கடையிலே காணும் உருவைக் கொண்டு முடிவு செய்தலாகாது. அங்கே இருப்பன பெரும்பாலும் குஞ்சுகளே. கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லி விரலளவில் விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேலும் வளரும். தங்கமீன் ஒரு சாணை எளிதிற் கடக்கும். கழிவும் மிகுதியாக இடும். அதனை உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பது, வளரும் பிள்ளையைத் தொட்டிலிலே நிரந்தரமாய்க் கிடத்துவதை ஒக்கும்.

மூன்றாவது தொகைப் பொருத்தம். இதற்கு இரு பக்கம் உண்டு. மிகுதல் ஒன்று, குறைதல் ஒன்று. மிகுதலின் தீமை யாவரும் அறிந்ததே. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி, விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லீற்றர் கொள்ளும். மணலிட்டு, மேலே சிறிது குறைத்து விட்டால் ஏறக்குறைய 45 லீற்றரே எஞ்சும். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது; அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியிலே இப்பற்றீரியாக்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே அதனை மீனால் நிரப்பினால், ஒன்றையொன்று கடியாமலே அவை இறக்கும். பழியோ அருகிலிருந்த மீனின் தலையிலே விழும்.

குறைதலின் தீமையைச் சிலரே அறிவர். சுமாத்திராவிலும் போர்னியோவிலும் தோன்றிய புலிப் பார்ப் என்னும் மீனைக் கேளுங்கள். இரண்டை மாத்திரம் வாங்கி விட்டால், அவை பிற மீன்களின் செட்டைகளைக் கடித்துத் திரியும். எட்டுப் பத்தாக இடமகன்ற தொட்டியில் விட்டால், அவை தமக்குள்ளேயே துரத்தி விளையாடிப் பெரும்பாலும் பிறரை மறந்துவிடும். மீன் அதுவே, தொகை மாறிற்று, நடத்தையும் மாறிற்று. கூட்டமாய் வாழும் இனங்களை ஆறுக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும். ஒவ்வோரினத்திலும் ஒவ்வொன்றாக ஐந்து மீன் வாங்குவோர், ஐந்து அனாதைகளை வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர்.

நான்காவது நிலைப் பொருத்தம். ஒரு தொட்டியினுள்ளே மேல், நடு, அடி என மூன்று உலகங்கள் உண்டு. கப்பி பெரும்பாலும் மேலே உலாவும். ரெற்றாவும் பார்ப்பும் நடுவே நீந்தும். மீசையுடைய கொரிடோரஸ் மீன் மணலைத் துழாவி அடியிலே மேயும். வெவ்வேறு நிலைக்குரிய இனங்களைத் தெரிந்தால் சிறு தொட்டியும் விசாலமாகும். யாவும் ஒரே நிலையிற் போட்டியிடுமாயின் பெரிய தொட்டியும் சந்தைக் கடையாகும். அடியில் மேய்வனவற்றை எச்சில் துடைக்கும் ஏவலாளராக எண்ணுதல் தகாது. மேலே போட்ட உணவில் மிஞ்சியதை மாத்திரம் நம்பி அவை வாழமாட்டா; அவற்றுக்கெனத் தாழ்ந்து விழும் உணவை இடுதல் வேண்டும்.

இனிக் குணப் பொருத்தம். சண்டை மீன் என்று பெயரிட்டு நாம் பழிக்கும் மீனை எடுத்துக்கொள்வோம். சீயம் எனப்பட்ட தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்தது அது. நம் பனையேறிக் கெண்டையைப் போலவே நீரின்மேல் வந்து காற்றை உட்கொள்ளும் உறுப்பு அதற்கும் உண்டு. ஆண்மீன் தனக்கென ஓர் எல்லை வகுத்து, நுரைக்கூடு கட்டிக் குஞ்சுகளைக் காக்கும். எல்லைக்குள் மற்றோர் ஆண் வந்தால் எதிர்க்கும், தோற்றது செடிகளிடையே ஓடி மறையும், போரும் முடியும். தொட்டியிலோ ஓடுதற்கு இடமில்லை. தோற்ற மீன் மீண்டும் மீண்டும் கண்முன் நிற்கிறது. வென்றது மீண்டும் மீண்டும் தாக்குகிறது. வயலிலே சிறிது பொழுதில் தீரும் வழக்கு இங்கே கொலையில் முடிகிறது. நீண்ட வண்ண வாலுடைய ஆண் கப்பியையும் அது தன் பகையென மயங்குவதுண்டு. ஆதலின் ஆண் சண்டை மீனைச் சிறு தொட்டியிலே தனியே வைத்தல் நன்று. அதற்குத் தனிமை தண்டனையாகாது.

குணத்தை இறுதியில் வைத்த காரணம் இப்பொழுது விளங்கியிருக்கும். மீனின் குணம் என்று நாம் கூறுவதிலே பெரும்பகுதி, அதற்கு வாய்த்த இடத்தாலும் தொகையாலும் நீராலும் விளைவது. அவை பொருந்திய இடத்துப் பொல்லாத மீனும் அடங்கும்; அவை பொருந்தாத இடத்துச் சாதுவான மீனும் சீறும். மாணாக்கரின் வினாவுக்கு என் விடை இதுவே. அந்த ஐந்தில் பொல்லாத மீன் எதுவுமில்லை. பொருந்தாத கூட்டம் ஒன்று இருந்தது.

இவற்றை மனத்திற் கொண்டு, மேற்கூறிய 45 லீற்றர் நீருக்கு இரண்டு கூட்டங்களைச் சொல்லலாம். வன்னீருள்ள வடபகுதியார் ஆண் கப்பி ஆறும் ஆண் பிளற்றி மூன்றும் வைக்கலாம். ஆணும் பெண்ணுமாக வைத்தால், குட்டியீனும் இவ்வினங்கள் ஏறக்குறைய மாதமொருமுறை பெருகித் தொட்டியை நிரப்பிவிடும். மென்னீருள்ள கொழும்பு, கண்டிப் பகுதியார் செரி பார்ப் ஆறும் கொரிடோரஸ் ஐந்தும் வைக்கலாம். செரி பார்ப்பில் ஆண் இரண்டும் பெண் நான்கும் ஆயின் ஆண்களின் துரத்தல் ஒன்றின்மேலேயே விழாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாது, இரண்டு மூன்று தவணையாக விடுக. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. குளோரீன் இட்ட குழாய்நீராயின் வாய் அகன்ற பாத்திரத்திலே ஒருநாள் வைத்துப் பின் ஊற்றுக.

செரி பார்ப்பைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளிலே நீந்தும் இம்மீன் இலங்கைக்கே உரியது. நம் தென்மேற்குக் காட்டோடைகளின் நிழலிலே பிறந்தது. 1929 இல் பி. இ. பி. தெரணியகலை அதனை அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தபோது, தித்தயா என்னும் சிங்களப் பெயரையே அதன் அறிவியற் பெயரில் இணைத்தார். அதன் உறவினதான கரும் பார்ப்பைச் சிங்கள மக்கள் ‘புலத் ஹப்பயா’, அதாவது வெற்றிலை மெல்வோன், என்பர். இனம் பெருக்கும் காலத்திலே ஆணின் தலை செவ்வண்ணம் ஏறுவதைக் கண்டு இட்ட பெயர் அது. 1991 இல் விவரிக்கப்பட்ட பந்துல பார்ப் என்ற மீனோ, கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடைப் பகுதியில் ஒரு சிற்றோடையை அண்டியே வாழ்ந்துவந்தது; இன்று அழியும் நிலையை நெருங்கி நிற்கிறது. அதனை எவரும் பிடித்தலும் வளர்த்தலும் தகா. செரி பார்ப்பையும் பண்ணையிற் பிறந்ததாகவே கேட்டு வாங்குதல் வேண்டும். ஓடையை வெறிதாக்கி வீட்டை அழகுசெய்தல் அழகன்று.

கடைக்காரர், “எல்லாம் ஒன்றாய்ச் சேரும்” என்று சொல்லும்போது அவர் தொட்டியைக் காட்டுவர். அங்கே அவை ஒருங்கிருப்பது உண்மையே. ஆனால் அவை குஞ்சுகள். நெருக்கத்தாலே எல்லை வகுக்க இயலாதவை. சில நாளே அங்குத் தங்குபவை. ஒருங்கிருத்தல் வேறு, ஒத்து வாழ்தல் வேறு. ஆதலின், எவ்வளவு வளரும், எத்தனையாக வாழும், எந்நீரை வேண்டும், எந்நிலையில் மேயும் என்ற நான்கையும் கேட்டறிந்தபின் பணத்தை எடுங்கள்.

இத்தனை ஆராய்ந்தும் ஒரு மீன் பொருந்தாது போகலாம். அப்போது அதனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அன்றி இடமுள்ள ஒருவருக்கு அளியுங்கள். கருணை என்று எண்ணி ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் மீனும், ஆசியாவின் வேறோர் பகுதியைச் சேர்ந்த கத்தி மீனும் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பி நம் நீர்நிலைகளிற் பெருகிவிட்டன. கத்தி மீன் நம் சிறுமீன்களைத் தின்று வளர்கிறது. ஐந்து மீனுள்ள தொட்டியிலே பொருந்தாத ஒன்றால் இழப்பது நான்கு. ஓடையிலே அதே பிழையால் இழப்பது, உலகில் வேறெங்கும் இல்லாத ஓரினம் முழுவதுமாக இருக்கலாம்.