மேலிருந்து இறங்கும் கை

புதிதாக வாங்கிவந்த கூண்டைக் கூடத்தில் வைத்ததுமே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். மேல்மூடி திறக்கிறது, ஆசையோடு ஒரு சின்னக் கை உள்ளே இறங்குகிறது. மறுநொடி ஓர் அலறல். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். 'இது கடிக்கிற ஜாதி' என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஹாம்ஸ்டர் தரப்பு நியாயத்தை யாரும் கேட்பதில்லை.

அது வயல்வெளியில் வளை தோண்டி வாழ்ந்த உயிர். பார்வை மங்கல், தூரத்தையும் ஆழத்தையும் சரியாகக் கணிக்கத் தெரியாது. மேலிருந்து எது இறங்கினாலும் அதற்குப் பருந்து, இல்லையென்றால் ஆந்தை. அந்த நேரத்தில் அதனால் முடிந்தது ஓடுவது. ஓட இடமில்லாவிட்டால் கடிப்பது.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. காலா அசார் நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா ஒட்டுண்ணியை ஆராய்ந்துகொண்டிருந்த சால் அட்லருக்கு, ஆய்வுக்கூடத்தில் இனப்பெருக்கம் செய்யக்கூடிய ஹாம்ஸ்டர்கள் தேவைப்பட்டன. அவரிடமிருந்த சீன ஹாம்ஸ்டர்கள் அடைப்பில் குட்டி போடவில்லை. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி சிரியாவுக்குத் தேடிப் போனார். 1930 ஏப்ரலில், அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலைச் சுமார் 8 அடி ஆழம் தோண்டியபோது, ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. பெட்டிக்குள் வைத்ததும் தாய் தன் குட்டி ஒன்றைக் கடித்துக் கொன்றது. மற்றவற்றைக் காப்பாற்றத் தாயையே கொல்ல வேண்டியதாயிற்று. கைப்பால் குடித்துப் பிழைத்த சில குட்டிகளே, இன்று வீடுகளில் வளரும் பெரும்பாலான சிரிய ஹாம்ஸ்டர்களுக்கு மூதாதையர். கருக்காலம் வெறும் 16 நாள் என்பதால் கூட்டம் விறுவிறுவென்று பெருகியது.

நாய் மனிதனோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஹாம்ஸ்டர் வந்து ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை. அதனால் நாய்க்குட்டியைப் போல அது வாலாட்டிக்கொண்டு நம்மிடம் வராது. ஒவ்வொரு ஹாம்ஸ்டரின் நம்பிக்கையையும் புதிதாகத்தான் சம்பாதிக்க வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு வழி மூக்குதான். நம் முகம் அதற்கு ஒரு மங்கலான நிழல். நம் வாசனையோ தெளிவான அடையாளம். முதல் சில நாட்கள் தீனி, தண்ணீர் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு பிள்ளைகள் கூண்டருகே உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசட்டும். அடுத்து, கையைக் கழுவிவிட்டு உள்ளங்கையைக் கூண்டின் தரையில் அசையாமல் வைக்கட்டும். கழுவாத விரலில் முறுக்கு வாசனை இருந்தால் அது விரலையே தீனி என்று நினைத்துவிடும்.

உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதை. முதலில் அதை எடுத்துக் கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு ஓடிவிடும். அதன் கன்னப்பைகள் தோள்வரை நீளும். கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வளைக்குப் போய்ச் சேர்ப்பது வயலில் கற்ற பாடம். ஒருநாள் ஓடாமல், உங்கள் கையிலேயே உட்கார்ந்து விதையைக் கொறிக்கும். பயம் தெளிந்ததற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் குவித்து, கீழிருந்து அள்ளித் தூக்கலாம். தூக்கும்போது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உயரம் கணிக்கத் தெரியாத உயிர், விளிம்பு தெரியாமல் கையிலிருந்து இறங்கிவிடும். சிறு பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் கூட இருப்பது நல்லது. விளையாடி முடித்ததும் மறுபடி கை கழுவ வேண்டும்.

நேரமும் முக்கியம். பகலில் அது தூங்கும். பள்ளிவிட்டு வந்த வேகத்தில் எழுப்பினால் பழகிய ஹாம்ஸ்டரும் கடிக்கும். விளக்கு வைத்த பிறகு அது தானாக எழுந்து வரும்வரை காத்திருங்கள். 'தனியாக இருக்கிறதே' என்று இரக்கப்பட்டு இன்னொன்றையும் சேர்த்துவிட வேண்டாம். வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர்கள் ஒரே கூண்டில் இருந்தால் சண்டையிட்டுச் சாகும்.

அதன் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்பதால் பிள்ளைகளுக்கு அவசரம் இருக்கும். அந்த அவசரத்தைத் தணிக்க ஒரு சின்ன வேலை கொடுங்கள். வாசனைத் திரவியம் சேராத மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அவர்கள் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, கூண்டின் ஓரத்தில் போட்டுவிடட்டும். ஹாம்ஸ்டர் அதைக் கிழித்துத் தன் படுக்கையில் சேர்த்துக்கொள்ளும். முதல் இரவுக்கு அவ்வளவு நெருக்கம் போதும்.