பழைய போர் ஜீப்பைப் புதுப்பித்தல்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ தேவாரத்திலோ விடியற்காலையில் சாலையோரம் நிற்போர், ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையை நோக்கி விரையும் ஜீப்புகளைக் காணலாம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையிலே 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்கு அப்பால் தோட்டங்களுக்குள் செல்லும் கல்லும் சேறும் நிறைந்த வழிகளில் வேறு வண்டி செல்வது அரிது. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைக்கு ஜீப் என்றால் ஏலக்காய் மணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வண்டி ஏலக்காய்க்காகப் பிறந்ததன்று, போருக்காகப் பிறந்தது.

1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென 135 நிறுவனங்களைக் கேட்டது. மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் ஒன்றே அதனைச் செய்து முடித்து, அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. எனினும் பெருவாரியாக உற்பத்தி செய்யும் வாய்ப்பு வில்லிஸ், ஃபோர்டு என்னும் பெரிய நிறுவனங்களுக்கே சென்றது. வழி காட்டியவன் ஒருவன், வாழ்ந்தவன் வேறொருவன் என்பது தொழில் உலகிலும் உண்டு போலும்! 1945 வரையில் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன.

பர்மாப் போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்தவற்றுள் பல, போர் முடிந்தபின் மிகுதிச் சரக்காக விற்கப்பட்டன. பின்னர் 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்துடன் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிற்று. பழைய ஜீப்பைப் புதுப்பிக்க விரும்பும் மாணவனுக்கு இச்செய்தி வெறும் வரலாறு அன்று. போர்க்கால ஜீப்பின் என்ஜினும் பிற்கால மஹிந்திரா ஜீப்பின் பெட்ரோல் என்ஜினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலிண்டரின் விட்டம் 3 1/8 அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளம் 4 3/8 அங்குலம் என்பது இரண்டிற்கும் பொது. இரண்டிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலந்தான். எண்பது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த வண்டிக்கு இங்கே இன்னும் உதிரிப் பாகம் தேடமுடிவது இந்த உறவினால்தான். ஜீப்பே பிழைப்பாக உள்ள ஊர்களில் அதன் நாடி பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் உண்டு. முதன்முறை முயல்வோனுக்குப் புத்தகத்தைவிட அவர்களே பெருந்துணை.

இனி, கையில் கிடைத்த வண்டி உண்மையில் போர் ஜீப்தானா என்பதை முதலில் ஆராய வேண்டும். போர்க்கால வண்டியில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும். முன்புறத் தகட்டில் ஒன்பது நீள்துளைகள் இருக்கும். பிற்காலத்துப் பொதுமக்கள் ஜீப்பில் ஏழுதான். சேசிஸின் முன்பகுதியில் குறுக்கே செல்லும் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ்; கவிழ்த்த பகர வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட ஆங்கில எழுத்து ‘எஃப்’ என்று பொறித்து அனுப்பிற்று. ஆனால் பல கைகள் மாறிய வண்டியில் சேசிஸ் ஒரு நிறுவனத்தினுடையதாகவும் உடல் மற்றொன்றினுடையதாகவும் இருப்பது வழக்கம். அதனைக் குறையென்று எண்ணவேண்டா. போர்க்களத்திலேயே பாகங்களை மாற்றித்தான் ஓட்டினார்கள்.

வண்டியைப் பிரிப்பது எளிது. அதனாலேயே அது ஆபத்தானது. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு, எந்த நட்டு எவ்விடத்தது என்று தெரியாமல் திகைத்து, ஆறு மாதம் கழித்துக் காயலான் கடைக்குத் தள்ளியோர் கதை பல ஊர்களிலும் உண்டு. ஒரு பகுதியைக் கழற்றும்போதே படம் எடுத்து, சீட்டுக் கட்டி, தனி டப்பாவில் இடுதல் வேண்டும். அப்பகுதியை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவது நல்லது. இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடது மரை உள்ளவை. மற்றவற்றைப் போல் எண்ணி வலிமை காட்டினால் போல்ட்டு முறிந்துவிடும். போர்க்கால ஜீப்புகள் சிலவற்றில் சக்கர வளையம் இரு பாதிகளாகச் செய்யப்பட்டுப் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். டயரில் காற்று உள்ளபோது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பாதி வளையம் பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடக்கூடும். காற்று முழுவதும் இறங்கிய பின்னரே அதைத் தொடலாம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்ரோல் தொட்டியும் அத்தகையதே. காலியான தொட்டியில் தங்கும் ஆவி திரவப் பெட்ரோலைவிட அபாயமானது. துருப்பிடித்த தொட்டியை வெல்டிங் செய்யும் வேலையை அனுபவமுள்ள பட்டறைக்கே விடுக.

துரு எங்கே ஒளிந்திருக்கும்? தரைத் தகட்டின் அடியில் தொப்பி வடிவிலான நீண்ட தாங்கிகள் உள்ளன. போர்க்காலத்தில் அவற்றினுள் மரத்துண்டுகளை வைத்து வலுவூட்டினார்கள். மரம் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு உள்ளிருந்தே அரித்துப் போகும். மேலே வண்ணம் பளபளக்க, கீழே விரலால் குத்தினால் ஓட்டை விழும். வாங்குமுன் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

என்ஜின் இறுகிக் கிடந்தால் அஞ்சவேண்டியதில்லை. அதன் வால்வுகள் சிலிண்டரின் மேலே அல்லாமல் பக்கத்தில் அமைந்தவை. இழுவிசையை முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்ட இந்த என்ஜினின் ஆற்றல் 60 குதிரைத் திறன்தான். பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, பின்னர் முன்புறக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். பின்னர் என்ஜினைக் கிளப்ப அக்கைப்பிடியைப் பயன்படுத்தும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைக்கவேண்டும். என்ஜின் பின்னுதைத்தால் எதிரே பற்றிய கட்டைவிரல் ஒடிந்துவிடும்.

மின்சாரத்தில் பௌதிகம் படிக்கும் மாணவர்க்கு நல்ல பாடம் ஒன்று உண்டு. இந்த ஜீப்பின் பாட்டரி 6 வோல்ட். அதே ஆற்றலைத் தர 12 வோல்ட் வண்டியில் ஓடுவதைப்போல் இருமடங்கு மின்னோட்டம் வேண்டும். கம்பியில் வெப்பமாகிக் கழியும் ஆற்றலோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது; ஆதலின் அதே கம்பியில் இழப்பு நான்கு மடங்காகும். இக்காலக் கார்களின் மெல்லிய கம்பியை இட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றுகிறதே என்று பாட்டரியைப் பழிப்பதில் பயனில்லை. தடித்த கம்பியும், துருச் சுரண்டிய இணைப்புகளும் இருந்தால் 6 வோல்ட் போதும்.

எனினும் என்ஜின் உறுமத் தொடங்கியதும் சாலைக்கு ஓடும் ஆவலை அடக்கவேண்டும். போடிமெட்டில் ஏறுவதன்று, இறங்குவதே சோதனை. இவ்வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சுற்றாகச் செல்கிறது. ஏதேனும் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். கைப்பிரேக்கோ சக்கரங்களில் அல்லாமல், பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டினைப் பற்றுகிறது. ஓடும் வண்டியை மலைச்சரிவில் நிறுத்த அதனை நம்புவதற்கில்லை. ஆகவே ரப்பர்க் குழாய்கள், சக்கரச் சிலிண்டர்களின் ரப்பர் மூடிகள், இரும்புக் குழாய்கள் யாவும் புதியனவாக இருத்தல் வேண்டும். செலவைக் குறைக்கவேண்டுமானால் வண்ணத்திலும் இருக்கையிலும் குறைக்கலாம், இங்கே கூடாது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வைத்து, என்ஜினின் தடையையே பாதிப் பிரேக்காகக் கொள்வது இங்குள்ள ஓட்டுநர்கள் நன்கு அறிந்த முறை.

சட்டமும் நோக்கத்தக்கது. பெட்ரோல் என்ஜினை நீக்கி டீசல் என்ஜின் பூட்டுவது மலைப்பகுதிகளில் நெடுநாள் வழக்கம். ஆனால் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த, மூல உருவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் அவ்வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாமே தவிர, வாடகைக்கு ஆள் ஏற்ற இயலாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போர் ஜீப்பின் இயற்கை நிறம் மங்கிய ஒலிவப் பச்சை. ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறைக்கு உரிய வண்டி தவிர வேறெதற்கும் ஒலிவப் பச்சை பூசக்கூடாது என்கிறது. மூல உருவம் மாறக்கூடாது என்பது ஒரு விதி. மூல நிறம் பூசக்கூடாது என்பது மற்றொரு விதி! ஆகவே மணல் நிறமோ சாம்பல் நிறமோ பூசிக்கொள்வதே தக்கது. ஆயினும் பழைய வண்ணத்தை முழுவதும் சுரண்டிவிட வேண்டா. கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தொடாமல் விட்டால், அங்கே அடுக்கடுக்காக உள்ள வண்ணங்களைக் கொண்டே அவ்வண்டி யார் யாரிடம் உழைத்தது என்பதை ஓரளவு படித்தறியலாம்.