நமக்குப் பின் கையெழுத்துப் போடுவது யார்?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பஸார்களில் கடை நடத்தும் எம்மவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தோட்டத்துச் சம்பளத் திகதி, எந்த லயத்தில் யார் எவ்வளவு பாக்கி, தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் வீட்டில் ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பிள்ளை இருந்தால், "நான் மௌத்தான பிறகு இவனுக்கு என்ன வழி?" என்ற கணக்கைப் பலர் போடுவதேயில்லை. "அல்லாஹ் இருக்கிறான், கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இது அபூர்வமான விடயமல்ல. இலங்கையின் ஓர் அரை நகரப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு, 2009இல் வெளியான ஆய்வொன்று 93 பேருக்கு ஒருவர் என்று காட்டியது. ஓட்டிசம் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. படித்துத் தொழில் செய்பவர்களும் உண்டு. கொடுக்கல் வாங்கல் புரியாதவர்களும் உண்டு. இங்கே பேசுவது இரண்டாமவரைப் பற்றி.

ஒரு கணக்கு

கடையும் மேல்மாடியுமாக இரண்டு கோடி ரூபா பெறுமதி என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் மரணிக்கிறார். மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை. தகப்பனின் பெற்றோர் உயிருடன் இல்லை. வாரிசுரிமைப்படி சொத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, ஆண் பிள்ளைகளுக்குத் தலா 14, பெண் பிள்ளைக்கு 7. ஓட்டிசம் உள்ள மகனின் பங்கு 70 இலட்சம்.

பெரிய தொகைதான். ஆனால் அவனுக்கு மாதம் 40,000 ரூபா செலவென்றால் வருடத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். பதினைந்து வருடம் முடியுமுன் கை காலி. 25 வயதில் தகப்பனை இழந்தவனுக்கு 40 வயதில் ஒன்றும் மிஞ்சாது. இதில் விலைவாசி சேர்க்கப்படவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே இவனுக்கு விட்டுச்செல்ல வேண்டியது காசுக் கட்டல்ல, மாதாமாதம் வருமானம் தரும் ஒன்று. மேல்மாடி வாடகை ஓர் உதாரணம்.

கையெழுத்துச் சிக்கல்

இலங்கையில் 18 வயது பூர்த்தியானால் சட்டப்படி வளர்ந்தவர். அதன்பின் "நான் உம்மா" என்று சொல்லி அவனது சொத்தில் தாய் கையெழுத்திட முடியாது. முழுக் கடையையும் விற்கவோ ஈடு வைக்கவோ எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். ஒருவரால் புரிந்து ஒப்பமிட முடியாவிட்டால், அவருடைய சொத்துக்குப் பொறுப்பாளரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அதுவரை மற்றப் பிள்ளைகளின் பங்கும் முடங்கும். அப்போதுதான் "இவனால்தான் எல்லாம்" என்ற கசப்பு முளைக்கிறது. பிழை அவனுடையதல்ல, எழுதி வைக்காத தகப்பனுடையது.

உயிரோடு இருக்கும்போதே

முதலில் வியாபாரத்தின் அமைப்பைப் பாருங்கள். பங்காளி ஒருவர் இறந்தால், உடன்படிக்கையில் வேறுவிதமாக எழுதாவிட்டால் கூட்டு வியாபாரம் சட்டப்படி கலைந்துவிடும். தனியார் கம்பனியாகப் பதிந்திருந்தால் உரிமையாளர் போனாலும் கம்பனி நிற்கும். கடை குத்தகைக் காணியில் இருந்தால், உங்களுக்குப் பின் அக்குத்தகை யாருக்கு என்பதையும் இப்போதே கேட்டறியுங்கள்.

இரண்டாவது, நம்பிக்கைப் பொறுப்பு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நொத்தாரிசு மூலம் உறுதி எழுதி, ஒரு சொத்தின் வருமானம் இவனுக்கே சேர வேண்டும் என ஏற்படுத்தலாம். பொறுப்பாளர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கட்டும். வருடாவருடம் கணக்குக் காட்டும் நிபந்தனையும் இருக்கட்டும். கொழும்பில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களமும் உண்டு. இந்தியா ஓட்டிசம் உள்ளவர்களையும் உள்ளடக்கி 1999இல் தேசிய நம்பிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் இதற்கென்றே இலாப நோக்கற்ற நம்பிக்கை நிறுவனம் இயங்குகிறது.

வஸிய்யத் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது, வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்பது நாமறிந்ததே. ஆகவே ஹிபாவோ நம்பிக்கைப் பொறுப்போ எதுவானாலும், உலமாக்களிடமும் சட்டத்தரணியிடமும் கேட்டு, மற்றப் பிள்ளைகளை முன்வைத்தே செய்யுங்கள். தன் பொருளை நிர்வகிக்க இயலாதவர் கையில் சொத்தை ஒப்படைக்காமல், அதிலிருந்து உணவும் உடையும் அளித்து நல்ல வார்த்தை பேசும்படி சூரா அந்நிஸாவின் 5ஆவது வசனம் காட்டும் வழியும் இதற்கு நெருக்கமானதே.

மூன்றாவது, ஒரு கொப்பி. அவன் எதைச் சாப்பிடுவான், எந்தச் சத்தத்துக்கு மிரளுவான், என்ன மருந்து, எந்த கிளினிக், கோபம் வந்தால் எப்படி ஆறுவான் என்பதெல்லாம் இன்று உம்மாவின் மனதில் மட்டுமே இருக்கிறது. அதை எழுதி வையுங்கள். அந்த விபரம் வேறெங்கும் கிடைக்காது.

நான்காவது, கடையில் அவனுக்கும் ஓர் இடம். பருப்பு நிறுத்துப் பை கட்டுவது, தட்டில் சாமான் அடுக்குவது போன்ற, ஒரே ஒழுங்கில் செய்யும் வேலைகள் இப்படிப்பட்ட பலருக்கு நன்றாக வரும். பஸார் அவனை முகம் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

ஐநூறு ரூபாக் கடனையும் கொப்பியில் எழுதாமல் நாம் விடுவதில்லை. இந்தப் பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் இந்த மாதமே எழுதத் தொடங்குவோம்.