அறுவை அரங்குக்கு எந்தக் கேமரா? கருவி வாங்கும் முன் மருத்துவமனைகள் கேட்க வேண்டிய கேள்விகள்

ராபர்ட்சன்பேட்டை: கோலார் தங்கவயல் பகுதியின் ராபர்ட்சன்பேட்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குப் பின்னாளில் சிக்கல் ஏற்பட்டால், குடும்பத்தினர் உயர் சிகிச்சை தேடிச் செல்வது சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்கு, அல்லது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு, அதுவும் இல்லையென்றால் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள வேலூருக்கு. அப்போது அவர்கள் கையில் இருப்பது ஓரிரு பக்கங்கள் கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. உடலுக்குள் என்ன காணப்பட்டது, எந்தக் குழாயில் எவ்விடத்தில் கிளிப் போடப்பட்டது என்பதை அந்தத் தாள் முழுமையாகச் சொல்வதில்லை. அடுத்த மருத்துவர் ஊகத்தின் பேரில் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது அறுவை சிகிச்சையின் காணொளிப் பதிவு. லேப்ராஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனையில் அதற்கான கேமரா ஏற்கெனவே இருக்கிறது. மானிட்டரில் தெரியும் படத்தைச் சேமிக்க ஒரு கருவிதான் தேவை. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தின் துல்லியமும் விலையும் மட்டுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பதிவு எதற்காக, அது எங்கே இருக்கும், யார் பார்க்கலாம் என்ற கேள்விகள் கருவி வந்து சேர்ந்த பிறகே எழுகின்றன.

பதிவு எதற்காக?

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையை, மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா 1990இல் முதன்முதலாகச் செய்தார். இன்று சிறு நகரங்களிலும் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. இதில் அஞ்சப்படும் பெரிய சிக்கல், பித்தப்பையின் சிறு குழாய்க்குப் பதிலாக முதன்மைப் பித்தக்குழாய் தவறுதலாக வெட்டப்படுவது. அதைத் தவிர்க்க, எதையும் வெட்டும் முன் இரண்டே அமைப்புகள் பித்தப்பைக்குள் செல்வதைத் தெளிவாகக் கண்டு உறுதி செய்ய வேண்டும் என்ற நெறியை அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவரது குழுவினரும் 1995இல் முன்வைத்தனர். அந்த உறுதிப்பாட்டுக்குச் சான்று, அந்த நொடியின் படம்தான்.

பதிவு மருத்துவர்களின் திறனையும் மேம்படுத்த உதவும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்யும் 20 மருத்துவர்களின் காணொளிகளை, செய்தவர் யார் என்று தெரிவிக்காமல், சக மருத்துவர்களே மதிப்பிட்டனர். 2013இல் வெளியான அந்த ஆய்வில், குறைந்த மதிப்பெண் பெற்ற பிரிவினரிடம் சிகிச்சை பெற்றோரில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல் ஏற்பட்டது; உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிரிவினரிடம் அது 5.2 சதவீதமாக மட்டுமே இருந்தது. கையின் திறனைக் காணொளி ஓரளவு அளந்து காட்டுகிறது என்பதே இதன் பொருள்.

ஆக, நோயாளியின் ஆவணம், மருத்துவரின் பயிற்சி, மாணவருக்குப் பாடம் எனப் பதிவின் நோக்கம் மூன்று வகைப்படும். முதல் நோக்கத்துக்குச் சில நிழற்படங்களும் முக்கியக் கட்டத்தின் காணொளியும் போதும். பயிற்சிக்கு முழுப் பதிவு தேவை. பாடத்துக்குப் படத்தொகுப்பும் ஒலி விளக்கமும் வேண்டும். எது தேவை என்பதை முதலில் முடிவு செய்தால் செலவு தானாகவே கட்டுக்குள் வரும்.

திறந்த அறுவையில் சிக்கல் வேறு

லேப்ராஸ்கோப்பி, நுண்ணோக்கி ஆகியவற்றில் மருத்துவர் பார்க்கும் அதே படம் பதிவாகிறது. வயிற்றையோ எலும்பையோ திறந்து செய்யும் சிகிச்சையில் நிலைமை வேறு. சுவரிலோ கூரையிலோ பொருத்தப்படும் கேமராவுக்கு மருத்துவரின் தலையும் தோளும்தான் பெரும்பாலும் தெரியும். மேலும், அறுவை விளக்கின் ஒளி 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை இருக்கும். சுற்றிலும் அதைவிடப் பல மடங்கு மங்கல். தானியங்கியாக ஒளியைச் சரிசெய்யும் சாதாரணக் கேமரா இதில் தடுமாறி, அறுவை நடக்கும் இடத்தையே வெள்ளைத் திட்டாகக் காட்டிவிடும்.

எனவே விளக்கின் நடுவில் பொருத்தப்படும் கேமராவோ, மருத்துவர் தலையில் அணியும் கேமராவோ பொருத்தமானது. ஒளி அளவைக் கையால் நிலைநிறுத்தும் வசதி இரண்டுக்கும் இன்றியமையாதது. தலைக் கேமராவில் படம் அசையும்; விளக்குக் கேமராவில் விளக்கைத் திருப்பும்போதெல்லாம் காட்சி மாறும். இரண்டையும் ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது.

4கே தேவையா?

லேப்ராஸ்கோப்பியின் கேமரா 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஹெச்டி படத்தைத் தருவதாக இருந்தால், 4கே ரெக்கார்டர் வாங்குவதால் படம் தெளிவாகிவிடாது. கோப்பு மட்டுமே பெரிதாகும். கேமராவின் வெளியீட்டுக்குப் பொருந்தும் ரெக்கார்டரே சரியானது.

சேமிப்புக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஹெச்டி காணொளி மணிக்கு 4.5 ஜிகாபைட் இடம் பிடிக்கும். நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 25 நாட்கள் பதிவு செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 டெராபைட் ஆகும். நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் அதுவே 27 டெராபைட். காப்புப் பிரதி ஒன்றும் வைக்க வேண்டும் என்பதால் இந்த அளவு இரட்டிப்பாகும்.

கண்காணிப்புக் கேமராவுக்கான டிவிஆர் கருவியை அறுவை அரங்கில் பயன்படுத்துவது மலிவான வழியாகத் தோன்றலாம். ஆனால் அது படத்தை மிகுதியாகச் சுருக்கும். வட்டு நிரம்பியதும் பழைய பதிவை அழித்து அதன் மேல் புதியதை எழுதும். நோயாளியின் பெயரோடு பதிவை இணைக்கும் வசதியும் அதில் இராது. சிக்கல் வந்து தேடும் நாளில் பதிவு அழிந்துபோயிருக்கும்.

ரெக்கார்டரில் பார்க்க வேண்டியவை

கையுறை அணிந்த மருத்துவர் ரெக்கார்டரைத் தொட முடியாது. எனவே கால்மிதி சுவிட்சோ, கேமராவின் தலைப்பகுதியிலுள்ள பொத்தானோ பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவ வேண்டும். பதிவு நடக்கிறது என்பதை மானிட்டரிலேயே காட்டும் அடையாளமும் வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகு எதுவும் பதிவாகவில்லை என்று தெரிவதால் பயனில்லை.

உள்வட்டிலும் யுஎஸ்பி வட்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் கருவி பாதுகாப்பானது. மின்சாரம் திடீரெனத் தடைபட்டால் அதுவரை பதிவானது கெடாமல் இருக்க, கோப்பைச் சிறு சிறு பகுதிகளாக மூடிச் சேமிக்கும் முறையும் யுபிஎஸ் இணைப்பும் தேவை. கேபிளிலும் கவனம் வேண்டும். ஹெச்டிஎம்ஐ இணைப்பு எளிதில் கழன்றுவிடும். நீண்ட தூரத்துக்கு ஏற்றதன்று. எஸ்டிஐ கேபிள் திருகிப் பூட்டப்படுவதால், ஆட்கள் நடமாடும் அரங்கில் நிலைத்து நிற்கும்.

நோயாளியின் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்தால் பிழை நேரும். மருத்துவமனையின் கணினியிலிருந்து அன்றைய பட்டியலை நேரடியாகப் பெறும் டைகாம் வசதி இருந்தால் அது குறையும். ஒருவரின் பதிவு இன்னொருவரின் பெயரில் இருப்பது, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது.

மின்கசிவு குறித்த ஐஇசி 60601-1 தரச்சான்று கருவிக்கு உள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான கணினியையோ மானிட்டரையோ நோயாளியிடமிருந்து 1.5 மீட்டருக்குள் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கிருமிநாசினியால் துடைக்கத்தக்க, காற்றாடி இல்லாத கருவி அரங்கின் தூய்மைக்கு உகந்தது.

கசிந்தால் யார் பொறுப்பு?

குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்புக் கேமராக்களிலிருந்து பெண்களின் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததே திருடர்களுக்கு வழிவிட்டதாகச் செய்திகள் தெரிவித்தன. கருவி பழுதாகவில்லை, பூட்டுதான் போடப்படவில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எனவே வட்டில் எழுதப்படுவதைக் குறியாக்கம் செய்யும் வசதி, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல், யார் எப்போது பார்த்தார் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இல்லாத கருவியை வாங்காமல் இருப்பதே நலம். மருத்துவர்களின் தனிப்பட்ட செல்போனில் பதிவு செய்வதையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் நிறுத்தினால்தான் இந்தப் பாதுகாப்புக்குப் பொருள் உண்டு.

ஒப்புதலும் அவ்வாறே. நோயறியும் பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலை அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அதே நெறியில் பார்த்தால், சிகிச்சைக்கான கையெழுத்து காணொளிக்கான கையெழுத்தாகாது. ஆவணமாக வைத்துக்கொள்ள, பயிற்சிக்குப் பயன்படுத்த, மாநாட்டில் காட்ட எனத் தனித்தனியே, நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் சேர்ந்து வாழும் தங்கவயலில், ஆங்கிலப் படிவம் மட்டும் இருந்தால் ஒப்புதல் வெறும் சடங்காகிவிடும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

தென் கொரியாவில், நோயாளி மயக்க நிலையில் இருக்கும் அறுவை சிகிச்சைகளுக்குக் கேமரா பொருத்துவது 2023 செப்டம்பர் 25 முதல் கட்டாயம். நோயாளியோ அவரது காப்பாளரோ கேட்டால் பதிவு செய்ய வேண்டும். பதிவைக் குறைந்தது 30 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்கவும் கூறுகின்றன. காணொளியை ஆவணத்தின் பகுதியாகக் கருதும் மருத்துவமனை, 3 ஆண்டுகளுக்கான சேமிப்பிடத்தைக் கணக்கிட்டே கருவி வாங்க வேண்டும்.

சிறிய மருத்துவமனைக்கு எளிய தொடக்கம் போதும்: இருக்கும் லேப்ராஸ்கோப்பிக் கேமராவுக்குப் பொருந்தும் ஹெச்டி ரெக்கார்டர், கால்மிதி சுவிட்ச், குறியாக்கம் செய்த இரு வட்டுகள், உள்ளூர் மொழியில் ஒப்புதல் படிவம், பராமரிப்பு ஒப்பந்தம். விற்பனையாளரிடம் காட்சிப் படம் கேட்பதை விட, கருவியைத் தங்கள் அரங்கிலேயே சில நாட்கள் இயக்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

மருத்துவப் பதிவின் மதிப்பு தங்கவயலுக்குப் புதிதன்று. கல் தூசியால் நுரையீரலைத் தின்னும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக அறிக்கையிடப்பட்டது 1934இல், இங்குள்ள சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். உடலுக்குள் நடந்ததை ஒருவர் எழுதி வைத்ததால்தான் தொழிலாளியின் மூச்சிரைப்புக்கு நோய் என்ற பெயர் கிடைத்தது. அறுவை அரங்கின் காணொளியும் அத்தகைய சான்றே. அது பெங்களூரு செல்லும் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு யாருடைய கைக்கும் போய்விடக் கூடாது.