இருதயக் கிழிவு

1760ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாட் காலை, லண்டன் கென்சிங்டன் அரண்மனையில், காலைக்கடன் கழிக்கச் சென்ற மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் சரிந்து வீழ்ந்து மாண்டார். அவருடலை ஆராய்ந்த வைத்தியர் பிராங்க் நிக்கல்ஸ், இருதயத்தைச் சூழ்ந்த பையில் உறைந்த இரத்தம் நிறைந்திருப்பதையும், வலது இதயவறையில் ஒரு துவாரம் இருப்பதையும் கண்டார்.

இரத்த இழப்பினும் கொடியது, அவ்விரத்தம் போக்கின்றித் தேங்கியதே. அப்பை சடுதியில் விரிந்து கொடாது. ஆகவே இருதயம் நெருக்குண்டு, நிரம்ப மாட்டாமல் ஓய்கின்றது.

இக்காலத்தில் இக்கிழிவு பெரும்பாலும் மாரடைப்பின் பின், முதல் வாரத்துள் நேர்கின்றது. குருதியோட்டம் அற்று நைந்த தசை பிளந்துவிடுகின்றது. இரத்த அமுக்கம் திடீரென வீழும். கழுத்து நாளங்கள் புடைக்கும். இதய ஒலி மங்கும். ஐயந் தீர்ப்பது, 1953இல் சுவீடனில் எட்லரும் ஹேர்ட்சும் தொடக்கிய, செவிக்கெட்டாத ஒலியலையால் இருதயத்தைப் பார்க்கும் முறை. ஊசியால் இரத்தத்தை வடிப்பது சிறிது அவகாசந் தரும், அவ்வளவே. சத்திரசிகிச்சையாற் கிழிவை மூடுதல் வேண்டும்.

இருதயத்தைத் தைத்தல் இயலாதென்றே முன்னாளில் வைத்தியர் பலர் எண்ணினர். 1896இல் பிராங்க்பேர்ட்டில் லுட்விக் ரேன், கத்திக்குத்துண்ட இருதயத்தைத் தைத்து ஓர் இளைஞனைப் பிழைக்க வைத்தார். ஆயின் அது நலமான தசை. மாரடைப்பால் நைந்த தசையோ நனைந்த கடதாசி போன்றது. நூல் அதனை அறுத்துவிடும். எனவே சுற்றியுள்ள நல்ல தசையைப் பற்றி ஒட்டு வைக்கின்றனர். அவ்வாறு செய்தும் பலர் பிழைப்பதில்லை. அடைபட்ட நாடியை உரிய காலத்திலே திறந்துவிட்டால், கிழிவு நேர்வதே அரிதாகின்றது.